வல்லூறைக் காட்டிக்கொடுத்த தவிட்டுக்குருவி

"டேய் மொட்டை! வாயை மூடு! ஆளுங்க வர்ற நேரமாச்சு!"

குட்டையின் நடுவே நின்ற மூங்கில் கம்பின் மேல் உட்கார்ந்துகொண்டு மீன்கொத்தி நீலவாணன் கத்தினான்.

கரையில் காய்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த மொட்டையன் தலையை நிமிர்த்தினான். அவன் ஒரு கிழட்டுத் தவிட்டுக்குருவி. எப்போதோ நடந்த சண்டையில் உச்சந்தலை இறகு போனது. பிறகு முளைக்கவே இல்லை. தம்பி தங்கைகளையும் சேர்த்து அவன் கூட்டத்தில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள்.

"என் வாய். நான் பேசுறேன். உனக்கு என்னடா?" என்றான் மொட்டையன்.

"நீங்க போடுற கூச்சல்ல வர்றவங்க திரும்பிப் போயிருவாங்க!"

"போகட்டுமே! நானா வரச் சொன்னேன்?"

நீலவாணன் சலித்துக்கொண்டு இறகைக் கோதத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவனுக்கு அலங்காரம் முடியவே முடியாது.

அந்தக் குட்டை மூன்று தெரு வீடுகளுக்குப் பின்னால் இருந்தது. ஞாயிறுதோறும் விடிந்ததும் அந்த வீடுகளிலிருந்து நான்கு பேர் நடந்து வருவார்கள். நான்கு பேர் கழுத்திலும் தொலைநோக்கி தொங்கும். பறவைகள் அதைக் குழல் என்று சொல்லும். வந்தவர்கள் கல் எறிய மாட்டார்கள். தீனியும் போட மாட்டார்கள். குழலைத் தூக்கிப் பார்ப்பார்கள், பார்த்த பறவையின் பேரை ஒரு நோட்டில் எழுதுவார்கள், ஆளுக்கு ஒரு மடக்கு காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

முன்பு அந்தக் குட்டையில் லாரி லாரியாக இடிந்த செங்கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நான்கு பேரும் ஒருநாள் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். அன்றோடு லாரி வருவது நின்றது. அதனால் பறவைகளுக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

மொட்டையனுக்கு மட்டும் கிடையாது.

போன வருஷம் ஒரு காலையில் அவனும் தம்பி தங்கைகளும் மதில்மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சைத் தொப்பி போட்ட சகாயம் சார் குழலை அவர்கள் பக்கம் திருப்பினார். ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் உடனே குழலைக் கீழே இறக்கினார்.

"சே! தவிட்டுக்குருவி. இதுதான் எங்க மாடியிலேயே கத்திக்கிட்டுக் கிடக்கே!"

இதை மொட்டையன் மறக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். நத்தையிடமும் சொன்னான். ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அவன் வாயைத் திறந்தாலே மற்றப் பறவைகள் எழுந்து வேறு கிளைக்குப் போய்விடும்.

அப்படி இருக்கையில்தான் அந்தத் தொல்லை தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்சிட்டின் தொங்கு கூடு கிழிந்து கிடந்தது. உள்ளே இருந்த குஞ்சுகள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்குருவியின் இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை. இரண்டு கூடுகளும் அடர்ந்த புதருக்குள் இருந்தவை. பக்கத்துக் கிளையில் இருந்தவர்களுக்கே தெரியாத கூடுகள். வல்லூறின் வேலை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வல்லூறுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

அதை மொட்டையன் கண்டுபிடித்தான்.

அவன் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நுணா மரத்தடிக்கு எல்லோரையும் கூப்பிட்டான். பாதிப் பேர்தான் வந்தார்கள். நீலவாணனும் வந்தான்.

"கேளுங்க! அதோ அந்த மாடியில கறுப்புத் தண்ணித் தொட்டி இருக்குல்ல? போன வாரம் வல்லூறு அதுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருந்துச்சு. நான் பார்த்துட்டே இருந்தேன். அது புதரைப் பார்க்கவே இல்ல. ஆளுங்களைத்தான் பார்த்துச்சு! ஒரு குழல் தூக்கினா கழுத்தை நீட்டுச்சு. நாலு குழலும் ஒரே புதர்மேல நின்னப்போ காலை மாத்தி வச்சு உட்கார்ந்துச்சு. ஆளுங்க போற வரைக்கும் அசையல. போனதும் நேரா அந்தப் புதருக்கு வந்துச்சு. தேடவே இல்ல!"



நீலவாணன் தொண்டையைச் செருமினான்.

"முடிஞ்சுதா? இப்ப உண்மையைச் சொல்லட்டுமா? உன்னை அவங்க பார்க்கல. அந்த எரிச்சல் உனக்கு. அதனால அவங்க மேல பழி போடுற!"

"எரிச்சல்தான்! யாரு இல்லேன்னா? ஆனா நான் கண்ணால பார்த்தேன்!"

"ஒரு வருஷமா அதே புலம்பல்தானே அண்ணே?" என்றாள் கொண்டைக்குருவி. குஞ்சுகளைப் பறிகொடுத்தவள் அவள்தான். "என் துக்கத்துல உங்க கோபத்தைக் கொண்டுவந்து கலக்காதீங்க."

நீலவாணன் விடவில்லை. "அவங்க வராம போனா மறுபடி லாரி வரும், தெரியுமா? குட்டை மூடிரும்! மொட்டையன் பேச்சைக் கேட்டு எல்லாரும் செங்கல் மேல குடியிருங்க!"

இப்படிப் பேசுவது நீலவாணனுக்குச் சுலபம். அவன் வீடு குட்டைக் கரையில் குடைந்த மண்பொந்து. ஒரு முழ ஆழம். வல்லூறு தலையைக்கூட நுழைக்க முடியாது.

அதே நுணா மரத்தில் தையல்சிட்டு பச்சையம்மா இருந்தாள். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து அதற்குள் பஞ்சு வைத்துக் கூடு கட்டியிருந்தாள். உள்ளே மூன்று குஞ்சுகள். இன்னும் மூன்று நாள் போனால் பறந்துவிடும். அவள் பயத்தோடு மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"மொட்டையண்ணே, நெசமாவா சொல்றீங்க?"

"இன்னைக்கு மட்டும் கூட்டுப்பக்கம் போகாதே பச்சையம்மா! நீ இரை எடுத்துட்டுப் போறதைப் பார்த்துத்தான் அவங்க கூட்டைக் கண்டுபிடிப்பாங்க!"

"பிள்ளைங்க பசியில கத்துமே!"

"கத்தட்டும்! உயிரோட கத்தட்டும்!"

"அவன் சொல்றதைக் கேட்டுப் பிள்ளைங்களைப் பட்டினி போடுவியா?" என்றான் நீலவாணன். "உன் தையலைப் பார்க்கணும்னு குழலோட வர்ற டீச்சரம்மா எவ்வளவு ஆசையா இருக்காங்க தெரியுமா? இந்தக் குட்டையில தைக்கத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்!"

பச்சையம்மாவுக்குத் தன் தையலில் கொஞ்சம் பெருமை உண்டு. அவள் ஒரு புழுவைத் தேடிப் பறந்தாள்.

அப்போது நான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

முதலில் நீலவாணனைப் பார்த்தார்கள். அவன் இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான், இறக்கையை விரித்தான், மடக்கினான். "என்ன நீலம்! என்ன நீலம்!" என்றார் சகாயம் சார். பிறகு அவர் கண்ணில் வாயில் புழுவோடு பறந்த பச்சையம்மா பட்டாள். நால்வரும் மெல்ல மெல்ல அவள் பின்னாலேயே நுணா மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"டீச்சர், இங்க வாங்க! இலையைத் தைச்சிருக்கு பாருங்க!" என்றார் சகாயம் சார்.

நால்வரில் ஒருவரான வளர்மதி டீச்சர் எட்டிப் பார்த்தார். "எங்க சார்? ஒரு கொப்பு மறைக்குதே!"

"இருங்க. யார்கிட்டயாவது நூல் இருக்கா?"

"ஒடிச்சிராதீங்க சார், பாவம்!"

"ஒடிக்கலம்மா. லேசா ஒதுக்கிக் கட்டுறேன். போறப்போ அவிழ்த்துவிட்டுரலாம்."

அவர் நல்ல மனுஷர். இலை கசங்காமல், காம்பு முறியாமல் கூட்டை மறைத்திருந்த கொப்பைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டினார். கூட்டின் மேல் வெயில் விழுந்தது. மூன்று சின்ன வாய்கள் மஞ்சளாகத் திறந்தன. நான்கு குழல்களும் அங்கேயே நின்றன.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வல்லூறு காலை மாற்றி வைத்து உட்கார்ந்தது.

மொட்டையன் அதைப் பார்த்தான். பச்சையம்மாவின் முன்னால் போய் விழாத குறையாக இறங்கினான்.

"என்னை நம்ப வேண்டாம்! தலையைத் தூக்கித் தொட்டியைப் பாரு!"

அவள் பார்த்தாள். வாயிலிருந்த புழு கீழே விழுந்தது.

"அண்ணே! என் பிள்ளைங்க!"

"செவந்தி! எல்லாரையும் கூப்பிடு!" என்றான் மொட்டையன். செவந்தி அவன் கடைசித் தங்கை. நொடியில் ஏழு பேரும் கூடிவிட்டார்கள்.

"அந்த ஆளுங்க தலையில கொத்தி விரட்டுவோம்ணே!" என்றாள் செவந்தி.

"கூடாது! அவங்க போறதுக்குத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு! போனாங்கன்னா அடுத்த நிமிஷம் பிள்ளைங்க இல்ல!"

"அப்ப என்னதான் செய்யறது?"

மொட்டையன் தொட்டியைப் பார்த்தான். பிறகு நான்கு குழல்களையும் பார்த்தான்.

"அது குழலைப் பார்த்துத்தானே வழி கண்டுபிடிக்குது? அந்தக் குழலை அது மேலேயே திருப்புவோம்! இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னா அதால வேட்டையாட முடியாது."

"நம்மளை எவன் பார்க்கப்போறான்? ஒரு வருஷமா அதைத்தானே சொல்லிட்டு இருக்கே!" என்றான் ஒரு தம்பி.

"நம்மளைப் பார்க்க வேண்டாம்டா. அதைப் பார்க்கட்டும். வாங்க!"

தவிட்டுக்குருவிகள் தரையில் தாவித் திரிகிறவர்கள். உயரப் பறப்பது அவர்களுக்குப் பழக்கம் இல்லை. மதிலுக்குத் தாவினார்கள். மதிலிலிருந்து முருங்கைக்கு. முருங்கையிலிருந்து சன்னல் மேல் கட்டைக்கு. அங்கிருந்து மூச்சு வாங்க மாடிக்கு ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏழு பேரும் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள்.

வல்லூறு மெல்லத் தலையைத் திருப்பியது. அதன் கண் சிவப்பாக இருந்தது.

"என்ன கிழவா! சாப்பாடு தானா நடந்து வந்திருக்கே?"

"எழுந்து வெளியே வாடா திருடா!"

"சத்தம் போடாதே. உட்கார்ந்து பேசுவோம். உன் கூட்டுக்கு நான் என்னைக்காவது வந்திருக்கேனா? இல்லையே! அந்தத் தையல்காரிக்காக நீ ஏன் சாகுறே? இவங்க யாராவது உன்னை மதிக்கிறாங்களா? கீழே நிக்கிறவனுக்கு நீ கண்ணுக்கே தெரியல. அந்த நீலக்காரனுக்கு நீ கேலிப்பொருள். இவங்களை உனக்கே பிடிக்காதே!"

"பிடிக்காதுதான்!" என்றான் மொட்டையன். "அதுக்காக உன்னைப் பிடிக்கணுமா?"

கீழே சகாயம் சார் ஒரு தடவை மாடியை அண்ணாந்து பார்த்தார். "தவிட்டுக்குருவிங்க. எப்பவும் இதே கூத்துதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்டைப் பார்த்தார். குழல் திரும்பவில்லை.

வல்லூறு சிரித்தது. "கேட்டுச்சா? நீ சாகிற வரைக்கும் கத்தினாலும் உன்னை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்!"

அது தொட்டிக்குப் பின்னால் இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அது அங்கே இருக்கும்வரை கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்குத் தொட்டி மட்டும்தான் தெரியும். டீச்சர் நோட்டைப் பையில் வைத்தார். ஒருவர் காப்பிக் குடுவையை மூடினார். அவர்கள் கிளம்பப் போகிறார்கள்!

 மொட்டையன் தொட்டியின் அடியில் தாவிப் போய் வல்லூறின் வாலை அலகால் கவ்வினான். கவ்வித் தன் பலம் அத்தனையும் கூட்டி இழுத்தான்.

"அண்ணே! வேண்டாம்ணே!" என்று செவந்தி அலறினாள்.

வல்லூறு சீறிக்கொண்டு திரும்பியது. மொட்டையன் விடவில்லை. அது இறக்கையை விரித்தது. அப்போதும் விடவில்லை. இரண்டும் உருண்டு தொட்டியின் மறைவை விட்டு வெளியே, வெட்டவெளியில் மாடிச் சுவரின் மேல் வந்து விழுந்தன. வல்லூறின் நகம் மொட்டையன் இடது இறக்கையில் இறங்கியது. செவந்தி பாய்ந்து வல்லூறின் முதுகில் கொத்தினாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள்.

"சார்! மேலே பாருங்க! வல்லூறு!" என்று டீச்சர் கூவினார்.

நான்கு குழல்களும் ஒன்றாகத் திரும்பின.

"அடேயப்பா! என்ன தெளிவு! கழுத்தைப் பாருங்க! கண்ணைப் பாருங்க!" என்றார் சகாயம் சார்.

நான்கு பேர் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு தென்னை மரத்துக் காகங்களும் அங்கே பார்த்தன. பார்த்த மாத்திரத்தில் கரைந்துகொண்டு கிளம்பின. மைனாக்கள் வந்தன. தேன்சிட்டு வந்தது. கொண்டைக்குருவி எல்லோருக்கும் முன்னால் வந்தாள். "என் பிள்ளைங்களைத் தின்னவனா நீ!" என்று அதன் தலையிலேயே கொத்தினாள்.

நீலவாணன் மட்டும் வரவில்லை. வல்லூறு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவன் மண்பொந்துக்குள் போய்விட்டான்.

வல்லூறு எழுந்து பறந்தது. அது எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் காகம் காட்டிக்கொடுத்தது. காகம் கரைந்த இடத்துக்கெல்லாம் குழல் திரும்பியது. நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே, கட்டிய நூலை அடியோடு மறந்து, தெருக்கோடி வரை போய்விட்டார்கள்.

பச்சையம்மா மறக்கவில்லை. முடிச்சைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு இழுப்பு, நூல் அலகோடு வந்தது. கொப்பு திரும்பி வந்து கூட்டை மூடிக்கொண்டது.

மாலையில் நுணா மரத்தடிக்கு எல்லோரும் கூப்பிடாமலே வந்தார்கள். மொட்டையன் இடது இறக்கை தொங்க, ஒரு வேரின் மேல் உட்கார்ந்திருந்தான். செவந்தி அவனுக்குப் பூச்சி பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கொண்டைக்குருவி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க கோபத்துல சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"கோபத்துலதான் சொன்னேன். கோபத்துல சொன்னா பொய்யாயிருமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காலையிலேயே நான் கேட்டிருந்தா உங்க இறக்கை போயிருக்காது."

"ஆமா. போயிருக்காது" என்றான் மொட்டையன். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை.

கூடு எங்கே என்று வல்லூறுக்கு இப்போது தெரியும். அதனால் அன்றிலிருந்து முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வல்லூறு திங்கட்கிழமை வந்தது, காகம் கத்தியது. செவ்வாய்க்கிழமை வந்தது, கொண்டைக்குருவி கத்தினாள். மொட்டையன் பறக்க முடியாவிட்டாலும் அவன் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஒருவரும் அவனை வாயை மூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பச்சையம்மாவின் முதல் குஞ்சு கூட்டு விளிம்பில் வந்து நின்றது, நடுங்கியது, பறந்தது. இரண்டாவது பறந்தது. மூன்றாவது பறந்து, தடுமாறி, நேராக மொட்டையனின் முதுகில் போய் விழுந்தது.

"எழுந்து போடா! நான் என்ன மரமா?" என்று மொட்டையன் அதட்டினான். ஆனால் அது மூச்சு வாங்கி முடிக்கும்வரை அசையாமல் இருந்தான்.

அப்போது நீலவாணன் குட்டைக் கம்பிலிருந்து இறங்கி வந்தான். வாயில் ஒரு மீன் இருந்தது. அதை மொட்டையன் முன்னால் வைத்தான்.

"மொட்டையண்ணே, தப்பு என்னோடதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன். நல்லது நடந்துபோச்சு, எல்லாரும் உங்களைக் கொண்டாடுறாங்க. இனிமேலாவது அந்தக் கோபத்தை விட்டுருங்க. சந்தோஷமா இருங்க!"

மொட்டையன் தொங்கிய இறக்கையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றான். மீனை அவன் பக்கமே தள்ளிவிட்டான்.

"விடமாட்டேன்! என் கோபம் ஒரு குஞ்சையும் தின்னல. நீ குழலுக்கு முன்னால சந்தோஷமா ஆடிட்டு இருந்தப்போதான்டா ரெண்டு கூடு காலியாச்சு. மீனை எடுத்துட்டுப் போ!"

நீலவாணன் மீனை எடுத்துக்கொண்டு போனான்.

சொல்கிறவனைப் பிடிக்கவில்லை என்பதற்காக அவன் சொல்லும் உண்மையைத் தள்ளினால், அதற்கான விலையை யாராவது ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும்.